டிராக்டர் வாங்க ரொக்கமா, கடனா? விவசாயிகளே உஷார்!

தஞ்சாவூர்: டிராக்டர் விலை எகிறி வந்த நிலையில், 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 ஆக குறைந்தது சற்று ஆறுதல். ஆனாலும் ரொக்கமா, கடனா என்ற குழப்பம் தீரவில்லை.

கடன் என்றால் 'பிளாட்' வட்டியா, குறையும் வட்டியா என்று முதலில் கேளுங்க. ரூ.5 லட்சத்துக்கு 10 சதவீத பிளாட் வட்டி 5 ஆண்டில் ரூ.2½ லட்சம். மாத தவணையில் அதே 10 சதவீதம் குறையும் வட்டி என்றால் சுமார் ரூ.1.37 லட்சம்தான்.

ரொக்கம் கொடுத்தால் வட்டி மிச்சம். ஆனா இருப்பதை எல்லாம் வழிச்சு கொடுத்துட்டு, உரத்துக்கு 3 வட்டிக்கு கை நீட்டினா ஆண்டுக்கு 36 சதவீதம் போயிடும்! ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ நோட்டாக வாங்க டீலருக்கு சட்டப்படி அனுமதியும் இல்லை. வங்கி மூலமே கட்டணும்.

கடன் முடிந்ததும் தடையில்லா சான்று வாங்கி, ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்க மறக்காதீங்க.