எந்த ஊர் இரவில் ஊசி?

மகளின் பேறுகாலத்திற்குத் துணையாகச் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லவிருந்த ஓர் அம்மையார் எங்கள் புறநோயாளர் பிரிவில் கேட்டார்: “தினமும் இரவு ஒன்பது மணிக்கு இன்சுலின் போடச் சொல்லியிருக்கிறீர்கள். எந்த ஊர் இரவில் போடுவது, டாக்டர்?” நீண்ட பயணம் செல்லும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

சாங்கி விமான நிலையத்திற்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காத விமானத்தில் செல்வோர்க்கும் 18 மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. மார்ச்சு நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நியூயார்க் நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட 12 மணி பின்தங்கியிருக்கும். ஏனைய மாதங்களில் 13 மணி.

அந்த அம்மையாருக்காக நாங்கள் தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். அவர் கோடைக்காலத்தில் திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, நள்ளிரவில் புறப்படுகிறார் என்று கொள்வோம். இறங்கும்போது நியூயார்க்கில் செவ்வாய்க்கிழமை காலை 7 மணியை நெருங்கியிருக்கும். கடிகாரத்தின்படி ஓர் இரவுதான் கழிந்துள்ளது. உடலோ விமானத்தில் மட்டும் ஏறத்தாழ 19 மணி நேரத்தைக் கழித்துவிட்டது. அவர் அவ்வூர் இரவு 9 மணிக்காகக் காத்திருந்தால், இரு ஊசிகளுக்கும் இடைவெளி 36 மணி நேரம் ஆகிவிடும். ஒரு நாளைக்கு உரிய மருந்து ஒன்றரை நாளுக்குப் போதாது, சர்க்கரை ஏறும். அச்சத்தில் முன்கூட்டியே மறுமுறை போட்டுக்கொண்டாலோ சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அடுத்த ஊசிக்குரிய நேரம் நியூயார்க்கில் காலை 9 மணி. அதன்பின் நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்பதை, மருந்தின் வகையறிந்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஆகியவற்றை உட்கொள்வோரும் இவ்வாறே கேட்டறிதல் நன்று.

இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள். சரக்கறையில் செல்லும் பெட்டியில் அது உறைந்து கெடக்கூடும்.

கால்களையும் மறவாதீர்கள். நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்து பயணம் செய்தால், இரத்தக் குழாய்களில் கட்டி உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அறிவித்தது. நலமுடையோரிடம் இது அரிது: ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கே நேர்கிறது. எனினும் முன்பு இரத்தம் உறைந்த வரலாறு உடையவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் புறப்படுமுன் எங்களைக் காண வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது எழுந்து நடக்கலாம். அமர்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கலாம். பயணம் முடிந்து சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அம்மையாரின் மருந்துச் சீட்டில் “இரவு 9 மணி” என்பதன் கீழே “பயண நாளில்: முந்தைய ஊசியிலிருந்து 24 மணி நேரம்” என்று எழுதிக் கொடுத்தோம். நீங்களும் பயணச் சீட்டையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே வாருங்கள், சேர்ந்து கணக்கிடுவோம்.