அணைப்பது வேறு, அறுப்பது வேறு

சகதியில் சிக்கிய காரை வெளியே எடுக்க ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோம். சக்கரம் சுழலத் தொடங்கியதும் இன்ஜின் தானாகவே அடங்கிவிடுகிறது. சக்கரம் வழுக்குவதைக் கண்டுகொண்ட கணினி, இன்ஜினின் விசையைக் குறைத்து, சுழலும் சக்கரத்துக்கு பிரேக்கும் போட்டுவிட்டது. இதற்கு இழுவைக் கட்டுப்பாடு என்று பெயர். ஆழமான மணலிலும் பனியிலும் இதே சிக்கல்தான். இதற்காகவே பல கார்களின் டாஷ்போர்டில், வழுக்கும் கார் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது. அது இல்லாத கார்களில் சிலர் கடையில் ஒரு சுவிட்ச் வாங்கி, தாங்களே ஒயரிங் செய்துகொள்கிறார்கள். அந்த சுவிட்ச் உண்மையில் எதை அணைக்கிறது?

இழுவைக் கட்டுப்பாட்டோடு சேர்ந்து, கார் நிலைகுலையாமல் காக்கும் இ.எஸ்.சி. எனப்படும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் இதே கணினியில்தான் இயங்குகிறது. அதை பாஷ் நிறுவனமும் மெர்சிடஸ் பென்ஸும் சேர்ந்து உருவாக்கி, 1995இல் எஸ் வகை சொகுசுக் காரில் அறிமுகப்படுத்தின. 1997இல் ஸ்வீடனில், குறுக்கே வரும் எல்க் மானைத் தவிர்க்க வண்டியை ஒடிப்பதுபோல ஒரு சோதனை நடந்தது. அதில் மெர்சிடஸின் சிறிய ஏ வகைக் கார் கவிழ்ந்தது. விநியோகத்தை நிறுத்திவைத்த நிறுவனம், சஸ்பென்ஷனைத் திருத்தியதோடு எல்லா ஏ வகைக் கார்களிலும் இந்த அமைப்பைப் பொருத்தியது. சொகுசுக் காருக்கென வந்த வசதி சிறிய காருக்கும் இறங்கி வந்தது அப்படித்தான்.

ஓட்டுநர் எந்தப் பக்கம் போக நினைக்கிறார் என்பதை ஸ்டியரிங்கில் உள்ள சென்சார் சொல்கிறது. கார் தன் அச்சில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை இன்னொரு சென்சார் அளக்கிறது. நான்கு சக்கரங்களின் வேகமும் தனித்தனியே வந்து சேர்கிறது. கணினி இவற்றை நொடிக்குப் பல முறை ஒப்பிடுகிறது. வளைவில் காரின் பின்பகுதி வெளியே வீசினால், வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடிக்கிறது. முன்பகுதி திரும்ப மறுத்து நேராக இழுத்துக்கொண்டு போனால், உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கிறது. ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் முடியாது. அவர் காலடியில் இருப்பது ஒரே ஒரு பெடல்.

கம்பெனி பொருத்திய பொத்தான், இந்தக் கணினிக்கு ஒரு வேண்டுகோளை மட்டுமே அனுப்புகிறது. எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது என்பதைக் கணினியே முடிவு செய்கிறது. சில கார்களில் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் பாதுகாப்பு தானே திரும்பிவிடும். அமெரிக்க விதி இதைவிடத் தெளிவானது: இ.எஸ்.சி.யை அணைத்தால் விளக்கு எரிய வேண்டும். காரை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது அது தானாக இயங்கத் தொடங்க வேண்டும்.

நாமே பொருத்தும் சுவிட்ச் பெரும்பாலும் சென்சாரின் ஒயரையோ ஃபியூஸ் இணைப்பையோ துண்டிக்கிறது. கணினிக்கு அது கோளாறாகவே தெரியும். ஃபியூஸைத் துண்டித்தால், பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்க அதே பெட்டிக்குள் இயங்கும் ஏ.பி.எஸ்.ஸும் சேர்ந்தே போய்விடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பகிர்ந்து கொடுக்கும் வேலையும் நின்றுபோகும். அந்த நிலையில் அழுத்தி பிரேக் போட்டால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடலாம். சகதியை விட்டு வெளியே வந்த பிறகு சுவிட்சைத் திருப்பிப் போட மறந்தால், இதே நிலையில் நெடுஞ்சாலையில் பறந்துகொண்டிருப்போம். எச்சரிக்கை விளக்கு எரிவதே வழக்கமாகிவிட்டால், உண்மையான பிரேக் கோளாறு வரும் நாளில் அது கண்ணில் படாது.

இழப்பு சிறியதல்ல. வேறு வண்டியோடு மோதாமல் கார் தானே விபத்துக்குள்ளாவதை இ.எஸ்.சி. 34 விழுக்காடு குறைக்கும், எஸ்.யூ.வி.களில் 59 விழுக்காடு குறைக்கும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2007இல் மதிப்பிட்டது. அந்நாட்டில் 2012 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம்.

உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். பொத்தானைத் தட்டினால் இழுவைக் கட்டுப்பாடு மட்டும் அணையும், சில நொடி அழுத்திப் பிடித்தால் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் அணையும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. பொத்தானே இல்லாத மாடலாக இருந்தால், கம்பெனி பொத்தானை அதில் பொருத்த முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். முடியாது என்றால் கயிறு கட்டி இழுத்து வண்டியை வெளியே எடுங்கள். பிரேக்கோடு தொடர்புடைய எந்த ஒயரையும் வெட்டாதீர்கள்.