திறன்பேசித் தரவும் இலக்கு விளம்பரமும்: ஒப்புதலின் பொருள்

முன்னுரை

ஒரு செயலியில் தேடிய பொருள் சிறிது நேரத்தில் வேறொரு செயலியில் விளம்பரமாகத் தோன்றுவதைத் திறன்பேசிப் பயனர் பலரும் அறிவர். பேசியே ஒட்டுக்கேட்கிறதோ என்ற ஐயமும் இதனால் எழுகிறது. ஒட்டுக்கேட்காமலேயே இது நிகழ இயலும். அது நிகழும் முறையையும், பயனர் அளிக்கும் ஒப்புதலுக்கு இந்தியச் சட்டம் வகுக்கும் வரையறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரற்ற அடையாளம்

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகிய இயங்குதளங்கள் ஒவ்வொரு கருவிக்கும் விளம்பர அடையாளம் எனும் நீண்ட குறியீட்டை வழங்குகின்றன. அதில் பயனரின் பெயரோ தொலைபேசி எண்ணோ இல்லை. ஆயினும், அக்கருவியிலுள்ள வெவ்வேறு செயலிகள் அதே குறியீட்டைப் படிக்க இயலும். மருந்துச் செயலியில் தேடியதும், விளையாட்டுச் செயலியில் செலவிட்ட நேரமும், கருவி இருந்த இடங்களும் அக்குறியீட்டின்கீழ் ஒன்றுசேரக்கூடும். கருவி இரவுதோறும் இருக்கும் இடம் பெரும்பாலும் வீடு. பகல்தோறும் இருக்கும் இடம் பெரும்பாலும் பணியிடம். இவ்விரண்டையும் அறிந்தவர்க்குப் பெயரைக் கண்டறிவது அரிதன்று.

ஏலமும் தரவுப் பரவலும்

விளம்பர இடமுள்ள செயலி திறக்கப்பட்டதும், அவ்விடத்திற்கான கோரிக்கை ஏலச் சந்தைக்குச் செல்கிறது. கருவியின் வகை, இணைய முகவரி, செயலியின் பெயர், விளம்பர அடையாளம், சில வேளைகளில் இருப்பிடம் ஆகியவை அதில் இடம்பெறும். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏலம் முடிகிறது. வெல்பவர் ஒருவரே, தரவோ கோரிக்கையைப் பெற்ற அனைவரையும் அடைந்துவிடுகிறது. பொதுவான ஏலத்தில் பொருள் வாங்கியவரிடம் மட்டுமே சேரும். இங்கு வாங்காதவரிடமும் சேர்கிறது. பயனர் ஒரு செயலிக்கு அளித்த அனுமதி, அவர் அறியாத பல நிறுவனங்கள் வரை நீள்வது இவ்வாறே.

கேட்பதன் பயன்

2021 ஏப்ரலில் வெளியான ஐஓஎஸ் 14.5 பதிப்புமுதல், பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர விரும்பும் செயலி முன்னரே அனுமதி கேட்க வேண்டும் என ஆப்பிள் விதித்தது. அதற்குமுன் மறுக்க விரும்பியவரே அமைப்புகளைத் தேடிச் சென்று மறுக்க வேண்டியிருந்தது. இம்மாற்றத்தால் 2022ஆம் ஆண்டில் தனக்கு ஏறத்தாழ 1000 கோடி டாலர் வருவாய் இழப்பு நேரும் என மெட்டா நிறுவனம் மதிப்பிட்டது. கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டால் பலர் மறுப்பர் என்பதை இது உணர்த்துகிறது. ஆண்ட்ராய்டிலும் விளம்பர அடையாளத்தை நீக்கும் வசதி உண்டு. எனினும் அதைப் பயனரே தேடிச் செய்ய வேண்டும்.

சட்டத்தின் வரையறை

தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இதன் கூறுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் கட்டாயமின்றியும், குறித்த நோக்கத்திற்காகவும், விவரமறிந்தும் அளிக்கப்பட வேண்டும் என்கிறது இச்சட்டம். தொலைமருத்துவச் செயலி ஒன்று தொடர்பெண் பட்டியலையும் கேட்டுப் பெற்றாலும், அப்பட்டியல் மருத்துவச் சேவைக்குத் தேவையற்றது என்பதால் ஒப்புதல் அதற்குச் செல்லாது என்பது சட்டமே தரும் எடுத்துக்காட்டு. அளித்த ஒப்புதலை, அளித்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் இயல வேண்டும். 18 வயது நிறையாதோரை நோக்கிய இலக்கு விளம்பரத்தைச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது.

விளம்பர அடையாளத்தைச் சட்டம் பெயர் சுட்டிக் கூறவில்லை. ஆயினும், ஒருவரை அடையாளம் காண உதவும் அவரைப் பற்றிய எத்தரவும் தனிநபர் தரவே என்னும் வரையறையுள் அதனை அடக்கிக் காண இடமுண்டு.

மொழியும் ஒப்புதலும்

ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்கு அளிக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் விதி. மொழிபெயர்ப்பு மட்டும் இதனை நிறைவு செய்யாது. 'தரவு கூட்டாளர்களுடன் பகிரப்படலாம்' என்னும் தொடர் பிழையற்ற தமிழே. ஆனால் கூட்டாளர் யார், எத்தனை பேர், ஏலத்தில் தோற்றவரும் அவருள் அடங்குவரா என்பவற்றை அது உணர்த்துவதில்லை.

முடிவுரை

இலக்கு விளம்பரத்திற்குப் பயனரின் பெயர் தேவையில்லை. மாறாத ஒரு குறியீடே போதும். அக்குறியீடு செல்லும் வழியைப் பயனர் தம் மொழியில் அறிந்த பின்னர் அளிப்பதே விவரமறிந்த ஒப்புதலாகும். அவ்வழியைச் சொல்லும் தெளிவான தமிழ்ச் சொற்களையும் தொடர்களையும் வகுப்பது தமிழாய்வுக்கும் உரிய பணியாகும்.