முழங்கால் மூட்டு ஊசி: போடும் முன் தெரிந்துகொள்வோம்

நம் பள்ளிவாசல்களில் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர்களில் பலருக்கு முழங்கால் வலிதான் காரணம். மாத்திரையும் பயிற்சியும் போதாதபோது, மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதி எலும்பு மருத்துவர்கள் 'மூட்டில் ஊசி போடலாம்' என்கிறார்கள். உடனே வீட்டில் இரண்டு பேச்சு எழுகிறது. 'ஊசி போட்டால் கால் போய்விடும்' என்கிறார் ஒருவர். 'வலி அடியோடு போய்விடும்' என்கிறார் இன்னொருவர். இரண்டுமே சரியல்ல.

என்ன மருந்து?

பெரும்பாலும் போடுவது ஸ்டீராய்டு. இது மூட்டின் வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. மற்றொன்று ஹயலுரானிக் அமிலம். இதன் விலை அதிகம். பலன் குறித்து மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எந்த ஊசி என்று கேட்டுத் தெரிந்துகொண்டே சம்மதிப்போம்.

எப்படிப் போடுவார்கள்?

தோலைச் சுத்தம் செய்து, நீர் கோத்திருந்தால் முதலில் எடுத்துவிட்டு, மருந்தைச் செலுத்துவார்கள். சில நிமிட வேலைதான். அன்றே வீடு திரும்பலாம். மரப்பு மருந்தும் கலந்திருந்தால் சில மணி நேரம் வலி தெரியாது. பிறகு ஓரிரு நாள் வலி கூடலாம், பயப்பட வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் உதவும். அந்த நாட்களில் மாடிப்படி ஏறுவதைக் குறைத்து, நாற்காலியில் அமர்ந்தே தொழலாம். முழுப் பலன் தெரிய ஒரு வாரம் ஆகலாம். அது சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீடிக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள் கவனத்துக்கு

ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, இரத்தச் சர்க்கரை ஏறும். சர்க்கரை நோய், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, காய்ச்சல், முழங்காலில் புண், மருந்து ஒவ்வாமை எதையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் எண்ணம் இருந்தாலும் சொல்லிவிட வேண்டும்; அதற்கு முந்தைய 3 மாதங்களில் இந்த ஊசியைத் தவிர்ப்பார்கள்.

வலி நாளுக்கு நாள் கூடி, மூட்டு சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அரிதானது என்றாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அடிக்கடி போடலாமா?

கூடாது. 2017-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 3 மாதத்துக்கு ஒருமுறை என 2 ஆண்டுகள் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்திருந்தது. வலி குறைந்ததிலோ இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ஆகவே, ஊசி நமக்கு வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. வலி குறைந்த அந்த நாட்களில் நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி, தொடைத் தசையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடும் பயிற்சியைத் தினமும் செய்வோம். நாகேஸ்வரராவ் பூங்காவிலோ நடேசன் பூங்காவிலோ சமதரையில் மெதுவாக நடப்போம், எடையையும் குறைப்போம். நம் உம்மாவும் வாப்பாவும் வலியில்லாமல் எழுந்து நடக்க, ஊசியோடு இந்த முயற்சியும் சேர வேண்டும், இன்ஷா அல்லாஹ்.