படகுக்கும் மூச்சு வேண்டும்

குளிர்நாடுகளில் சொந்தப் படகு வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர் பிறந்தாலே ஒரு வேலை காத்திருக்கும். ஏரி உறைவதற்குள் படகைக் கரையேற்ற வேண்டும், எஞ்சினில் உள்ள தண்ணீரை வடிக்க வேண்டும், மேலே ஓர் உறையைப் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும். எஞ்சினுக்குள் அது நடந்தால் இரும்பே பிளந்துவிடும். அதன்பிறகு வசந்தம் வரும்வரை படகுக்குத் தூக்கம்தான்.

பினாங்கில் பனி ஏது என்று கேட்பீர்கள். பனி இல்லைதான். ஆனால் படகு தூங்கும் மாதங்கள் நமக்கும் உண்டு. கிழக்குக் கரையில் கிளந்தான், திரெங்கானு பக்கம் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது சிறு படகுகள் கரையேறிவிடும். நம் பக்கம் சுமத்ரா தீவும் தித்திவங்சா மலைத்தொடரும் இரண்டு புறமும் மறைத்து நிற்பதால் கடல் அவ்வளவு மூர்க்கம் காட்டுவதில்லை. ஆனாலும் செப்டம்பர், அக்டோபர் மழையில் வார இறுதித் தூண்டில்காரர்கள் எத்தனை பேர் கடலுக்குப் போகிறார்கள்? படகு டிரெய்லரோடு வீட்டு வாசலில் நிற்கும். தீபாவளி போய், ஆண்டிறுதி விடுமுறை போய், தைப்பூசமும் முடிந்த பிறகுதான் பலருக்கு அதன் ஞாபகமே வரும்.

வானொலியில் வார இறுதி நிகழ்ச்சி நடத்துவதால் இப்படிப்பட்ட கதைகள் என்னைத் தேடி வரும். பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஒரு நேயர், அண்ணன் என்றுதான் அழைப்பேன், தம் இரண்டு நண்பர்களோடு பணம் போட்டுப் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருந்தார். மூவரும் தொழிற்சாலை வேலை பார்ப்பவர்கள், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு. மழை தொடங்கியதும் ஹார்ட்வேர் கடையில் நீல நிறத் தார்பாய் வாங்கி, ஒரு துளி காற்று கூடப் புகாதபடி சுற்றிக் கட்டினார்கள். நான்கு மாதம் கழித்து அவிழ்த்தால் உள்ளே ஒரே பூசண நாற்றம். இருக்கை மெத்தை கறுத்துப் போயிருந்தது. எஞ்சின் மாட்டும் பின்பலகையில் ஃபைபருக்கு உள்ளே இருந்த மரம் ஊறி, கையால் அழுத்தினால் அமுங்கியது. எஞ்சினின் பாரம் முழுவதையும் தாங்க வேண்டிய பலகை அது. நல்லவேளை, கரையிலேயே கண்டுபிடித்தார்கள். “தம்பி, மழை ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லையே!” என்பதுதான் அண்ணனின் ஆதங்கம்.

மழை வரவில்லை என்பது உண்மைதான். தண்ணீர் உள்ளேயே இருந்தது. நம் ஊர்க் காற்று எப்போதும் ஈரம் சுமந்தது. பகலில் 32 பாகை வெயிலில் உறைக்குள் இருக்கும் காற்று சூடேறி, தரையிலும் மூலை முடுக்கிலும் உள்ள ஈரத்தை எல்லாம் ஆவியாக உறிஞ்சிக்கொள்ளும். இரவில் 24, 25 பாகைக்கு இறங்கும்போது அந்த ஆவி பிளாஸ்டிக்கின் அடிப்புறத்தில் முத்து முத்தாகப் படிந்து சொட்டும். மறுநாள் மறுபடியும். இட்லிப் பானை மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதில் இன்னொன்றும் உண்டு: மரத்துக்கு உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீரும் ஆவித் தண்ணீரும்தான் பெரிய எதிரி. உப்பு பூஞ்சையை ஓரளவு அடக்கி வைக்கும், நன்னீர் அதை வளர்க்கும்.

இணையத்தில் படகு உறை பற்றித் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை பனி விழும் ஊர்க்காரர்களுக்கானவை. பனிப் பாரத்தைத் தாங்குமா, படகை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் சுற்று நல்லதா என்றுதான் பேசுவார்கள். நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இந்தத் துணி மூச்சு விடுமா?

இது நம் பெரியவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. காஜாங் என்றால் நமக்குச் சாத்தேதான் ஞாபகம் வரும். ஆனால் மலாய் மொழியில் அந்தச் சொல்லுக்குப் படகுக்கும் மாட்டுவண்டிக்கும் கூரையாகப் போடும் ஓலைப்பாய் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் கிடுகு என்றும் தமிழகத்தில் கீற்று என்றும் சொல்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது. கோவா கடற்கரையில் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கரையேற்றிய படகுகளைத் தென்னங்கீற்றால் மூடி வைப்பார்கள். பின்னிய ஓலையில் மழை வழிந்து ஓடிவிடும், காற்று இடுக்கு வழியாகப் போய் வரும். கட்டுமரக்காரர்கள் உறையைப் பற்றியே கவலைப்படவில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போட்டுவிடுவார்கள்.

இன்று ஓலை பின்ன ஆள் கிடைப்பது கடினம். கடைகளில் மூன்று வகை கிடைக்கும். முதலாவது, அந்த நீலத் தார்பாய். மலிவு, ஆனால் மூச்சு விடாது, பினாங்கு வெயிலில் சில மாதங்களிலேயே நொறுங்கத் தொடங்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகையில். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். இரண்டாவது, பிவிசி பூசிய கனத்த துணி, லோரிகளில் பார்த்திருப்பீர்கள். உழைக்கும், ஆனால் இதுவும் மூச்சு விடாது, தூக்கிப் போட இரண்டு பேர் வேண்டும். மூன்றாவது, நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த அக்ரிலிக் துணி. மழையைத் தள்ளும், ஆவியை வெளியே விடும், நிறமும் சீக்கிரம் மங்காது. விலைதான் கையைக் கடிக்கும். மூன்று பேர் பங்கு போட்ட படகு என்றால் இதையே வாங்குங்கள் என்பது என் கட்சி. இடையில் பாலியெஸ்டர் துணிகளும் உண்டு, அவற்றில் தரம் கடைக்குக் கடை மாறும். ஒரு துண்டு கேட்டு வாங்கி, வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். கொஞ்சமாவது காற்று போனால் அது மூச்சு விடும் துணி. சுத்தமாகப் போகவில்லை என்றால் பூச்சு அடித்தது என்று அர்த்தம்.

கையில் இருப்பது தார்பாய் வாங்கும் காசுதான் என்றாலும் வழி இருக்கிறது. படகின் மேலேயே விரிக்காமல், பிவிசி குழாயை வளைத்தோ மூங்கில் வைத்தோ நடுவில் உயரமான ஒரு முகடு அமைத்து, அதன்மேல் கூரைபோல் போடுங்கள். முன்னும் பின்னும் திறந்திருக்கட்டும். தரமான துணிக்கும் இந்த முகடு வேண்டும். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் உள்ள உறை தொய்ந்து கிடந்தால், 60 மில்லிமீட்டர் மழையில் 600 கிலோ வரை அதன்மேல் தேங்க முடியும். நம் ஊரில் ஒரே மாலையில் கொட்டக்கூடிய மழைதான் அது.

தேங்கிய தண்ணீரில் பாரம் மட்டும் பிரச்சினையில்லை. ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து சிறகு முளைக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தாமானில் வரிசை வீடுகளுக்கு நடுவே நிற்கும் படகின் தார்பாய்க் குழி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டிங்கியைக் கொண்டுவரலாம். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ், வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருந்தால் அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். எனவே படகின் அடியில் உள்ள வடிகால் மூடியைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி டிரெய்லரை நிறுத்துங்கள். உள்ளே புகும் தண்ணீரும் தானாக வடிந்துவிடும்.

மூடுவதற்கு முன் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, உள்ளறைக் கதவுகளைத் திறந்தே வையுங்கள். கயிறு விஷயத்தில் சோம்பல் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடியற்காலை வேளையில் ‘சுமத்ரா’ என்கிற திடீர்ப் புயல்காற்று நீரிணையைக் கடந்து வந்து அடிக்கும். தளர்ந்த உறை அந்தக் காற்றில் படபடத்து, உப்புத்தாள்போல் படகின் பளபளப்பைத் தேய்த்துவிடும். கூரான மூலைகளில் பழைய துவாலையைச் சுற்றி, பட்டையான நாடாவை அடிவழியாகக் கொண்டுபோய் டிரெய்லரில் கட்டினால் நிற்கும்.

ஆயத்த உறை உங்கள் படகுக்குப் பொருந்தவில்லை என்றால் லோரி கேன்வஸ், கார் இருக்கை தைக்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அளவை எழுதிக்கொண்டு போவதைவிடப் படகையே இழுத்துக்கொண்டு போவது மேல். எஞ்சின் சாய்ந்து நிற்கும் கோணம் காகிதத்தில் வராது. துணியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், எந்த நூலில் தைப்பார்கள் என்றும் கேளுங்கள். வெயிலில் பல நேரங்களில் துணிக்கு முன்பே தையல்தான் விட்டுப்போகும். சாதாரண நூல் என்றால், புற ஊதாக் கதிரைத் தாங்கும் நூல் போடச் சொல்லிக் கூடுதலாகச் சில வெள்ளி கொடுத்துவிடுங்கள்.