சாண் உயரத்தில் ஒரு சாயல்

சாயல் முகத்தில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பார்க்கிறவர்களுக்கு இடையிலான ஓர் உடன்பாட்டில் இருக்கிறது. சாண் உயரத்தில் ஒருவரின் உருவை மண்ணில் செய்து பார்த்தால் இது விளங்கிவிடும்.

புதுக்கோட்டை வட்டாரத்தில் பிடிமண் வாங்கிக்கொண்டு வேளார் செய்கிற மதலைக்குச் சாயல் தேவையில்லை. நேர்த்திக்கடனாக அய்யனார் முன் வைக்கப்படும் அந்த மண்பிள்ளை எந்தப் பிள்ளையைப் போலவும் இல்லை. யார் செலுத்தியது என்று சாமிக்குத் தெரியும், அவ்வளவு போதும். தலைவர் பொம்மைக்கு அந்த வசதி கிடையாது. 'இது யாரு?' என்ற கேள்விக்கு அது தானே பதில் சொல்லியாக வேண்டும்.

செய்கிறவர் ஆளைப் பார்ப்பதில்லை, படத்தைத்தான் பார்க்கிறார். நேர்முகப் படத்தில் மூக்கின் நீட்டமும் நெற்றியின் சரிவும் பிடரியும் தெரியாது. பக்கவாட்டுப் படம் ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கிடைக்காவிட்டால் நிழலை வைத்து ஊகிக்க வேண்டும், அதுவும் ஏமாற்றும். ஸ்டுடியோ விளக்கு போட்ட நிழலைக் கன்னத்துக் குழின்னு நெனச்சுத் தோண்டினா ஆள் நோயாளியாகிவிடுவார். கிட்டத்தில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் விழும். நிற்கிற உருவம் சாண் உயரம் என்றால் தலை சுமார் ஓர் அங்குலம்தான். இமை மடிப்புக்கெல்லாம் அதில் இடமில்லை. எனவே மண்டையின் வடிவம், தோளின் சரிவு, நிற்கிற தோரணை ஆகியவற்றை முதலில் பிடிக்க வேண்டும். எதை விடுவது, எதை மிகைப்படுத்துவது என்கிற தேர்வுதான் இங்கே கலை.

அடுத்து அச்சு. மண் காயும்போதும் சுருங்கும், சுடும்போதும் சுருங்கும். சுட்ட பொம்மையிலிருந்தே மறுபடி அச்செடுத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் உரு சிறுத்து, விளிம்பு மழுங்கும். முதலில் அழிவது முகம். மிஞ்சுவது குறி: பாரதிக்கு முண்டாசும் மீசையும், பெரியாருக்குத் தாடி, அம்பேத்கருக்குக் கோட்டும் கையில் புத்தகமும். வள்ளுவருக்கு நிழற்படமே கிடையாது. 1964இல் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்ட வேணுகோபால் சர்மாவின் ஓவியம்தான் இன்று பொம்மைக்கு மூலம். ஓவியர் எடுத்த ஒரு முடிவு, வள்ளுவரின் முகமாகவே நிலைத்துவிட்டது.

இப்போது முத்துலட்சுமி ரெட்டியைச் செய்து பார்ப்போம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே படித்தவர். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத்தலைவராக இருந்து தேவதாசி முறைக்கு எதிராக வாதாடியவர். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர். படங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் பொம்மையைப் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது சேலை கட்டிய ஒரு பெண், அவ்வளவே. பீடத்தில் பெயர் எழுதினால்தான் ஆள் தெரியும்.

இது கைத்திறனின் தோல்வி இல்லை. சுவரொட்டி, காலண்டர், மேடைத் திரை, பாடநூல் என்று திரும்பத் திரும்பச் சுற்றி வருவதால்தான் ஒரு பிம்பம் குறியாகிறது. அந்தச் சுற்றுக்குள் யாரை விட்டோம், யாரை விடவில்லை என்பதைத்தான் அடையாளம் தெரியாத இந்தப் பொம்மை காட்டிக்கொடுக்கிறது. கழுத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிச் சுலபமாகத் தப்பித்துக்கொள்ளலாம். அது தொழிலைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. சட்டசபையில் எழுந்து நின்று பேசியவர் அதற்குள் மறைந்துபோவார்.

கூட்டங்களில் நினைவுப் பரிசாகச் சிறு சிலை கொடுக்கிறவர்கள் நாம். செய்யச் சொல்கிறவர்களும் நாமே. ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், வெவ்வேறு வயதில், வெவ்வேறு கோணத்தில் எடுத்த நாலைந்து படங்களைத் தேடிக் கொடுப்போம். பீடத்தில் பெயர் எழுதவும் கூச்சப்பட வேண்டியதில்லை. நாலு வருஷம் பெயரோடு பார்த்துப் பழகினால்தான் ஐந்தாம் வருஷம் பெயரில்லாமலே ஆளைத் தெரியும்.