அடங்கல் கேட்கும் விளம்பரச் சந்தை

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயி, பூங்கார் நெல்லைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கைப்பேசியில் திறக்கிறார். எழுத்துகள் திரைக்கு வந்து சேர்வதற்குள், பக்கத்தின் ஓரத்திலிருக்கும் வெற்றுக் கட்டத்துக்கு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. இன்ன தளத்தில் இன்ன அளவில் இடம் இருக்கிறது, என்ன விலை தருவீர்கள் என்று ஒரு கணினி கேட்கிறது. டிராக்டர் கம்பெனி, நகைக்கடை, கடன் செயலி என்று பலருக்காக வாங்கும் கணினிகள் விலை சொல்கின்றன. கூடுதல் விலை சொன்னவரின் விளம்பரம் கட்டத்தில் வந்து உட்காருகிறது. இவ்வளவுக்கும் ஆகும் நேரம் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு.

இந்த ஏலத்தில் வாங்குகிறவர் சரக்கைக் கண்ணால் பார்ப்பதில்லை. இது இன்ன தளத்தின் இடம் என்று விற்கிற பக்கத்திலிருந்து வரும் தகவல்தான் அவருக்கு ஆதாரம். அந்தத் தகவலில் எந்தத் தளத்தின் பெயரை வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம், தட்டிக் கேட்க ஆளில்லை என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2016 டிசம்பரில், ‘மெத்பாட்’ என்ற மோசடியை ஒயிட் ஆப்ஸ் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. வாடகைக்கு எடுத்த சர்வர்கள் மனிதர்களைப் போல நடித்து வீடியோ விளம்பரங்களைப் ‘பார்த்தன’. அந்த இடங்கள் 6,000-க்கும் மேற்பட்ட தளங்களின் பெயரில் விற்கப்பட்டன. ஒரு நாளில் சுருட்டிய தொகை 30 முதல் 50 லட்சம் டாலர் இருக்கும் என்று அந்த நிறுவனம் கணக்கிட்டது. மோசடியை நடத்திய அலெக்சாண்டர் ஷுகோவுக்கு 2021-இல் நியூயார்க் நீதிமன்றம் பத்து ஆண்டு சிறை விதித்தது.

லண்டனின் ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ நாளிதழ் 2017-இல் தன் பெயரைத் தானே தேடிப் பார்த்தது. பத்து ஏலச் சந்தைகளில் அதன் பெயரில் போலி இடங்கள் விற்பனைக்கு இருந்தன. வீடியோ விளம்பர இடங்களை அந்த நாளிதழ் இப்படிப்பட்ட சந்தைகளில் விற்றதே இல்லை. ஆனால் 15 சந்தைகளில் அதன் பெயரில் வீடியோ இடங்களும் விலைபோய்க்கொண்டிருந்தன. மாதத்துக்கு 10 லட்சம் பவுண்டு அளவுக்குப் போலி வியாபாரம் என்பது அவர்களின் கணிப்பு.

டெல்டாக்காரருக்கு இந்த மோசடியின் வகை நன்றாகவே தெரியும். எங்கோ குறைந்த விலைக்கு வாங்கிய நெல்லை ஒரு வியாபாரி, விவசாயியின் பெயரில் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுவந்து போடுவது போன்றதுதான் இது. அதைத் தடுக்கத்தான் அங்கே சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. சான்று எல்லாம் கேட்கிறார்கள். இந்த நெல் இந்த வயலில் விளைந்ததுதானா என்பதற்கு அதுவே சாட்சி. விளம்பரச் சந்தைக்கும் அப்படி ஒரு அடங்கல் 2017-இல் வந்தது. ஐஏபி டெக் லேப் என்ற அமைப்பு அதை வகுத்தது. அதன் பெயர் ‘ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி’.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அது வெறும் எழுத்துக் கோப்பு. என் தளத்தின் விளம்பர இடத்தை விற்க இன்னின்னாருக்கு மட்டுமே உரிமை என்று தளத்தின் உரிமையாளர் எழுதி, தன் தளத்தின் வாசலிலேயே எல்லோரும் படிக்கும்படி வைப்பது. இதன் பலம் முழுக்க வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஏலத்தில் யார் பெயரையும் யாரும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு தளத்தின் முகவரியில் கோப்பு வைக்க அந்தத் தளத்தின் சாவி உள்ளவரால்தான் முடியும். வாங்கும் கணினிகள் எல்லாத் தளங்களின் கோப்புகளையும் அவ்வப்போது படித்துச் சேர்த்துக்கொள்கின்றன. ஏலத்தில் விற்கிறவரின் கணக்கு எண் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் வாங்காமல் விலகிவிடலாம். கூகுளின் வாங்கும் கருவிகள் 2017 இறுதியிலிருந்தே இப்படி விலகத் தொடங்கின.

தமிழ்த் தளங்களுக்கு இது சரியான நேரத்தில் வந்தது என்றே சொல்வேன். தளங்களில் விளம்பரம் காட்டி அதன் உரிமையாளருக்கு வருமானம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் உட்கார்ந்துகொண்டு குறுவை, சம்பா, தாளடி பற்றியும், கோயில்களைப் பற்றியும், பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றியும் தமிழிலேயே எழுதுகிறவர்களுக்கு விளம்பர வருமானத்தின் கதவு முறையாகத் திறந்தது அப்போதுதான். திறந்த கதவின் முதல் படியிலேயே இந்தக் கோப்பு நிற்கிறது. கூகுள் இதைக் கட்டாயம் என்று சொல்வதில்லை. ஆனால் கோப்பு சரியில்லாவிட்டால், உங்கள் வருமானத்துக்கு ஆபத்து என்று கணக்குப் பக்கத்தில் எச்சரிக்கை வரக்கூடும்.

கோப்புக்குள் ஒரு வரிக்கு ஒரு விற்பனையாளர். வரிக்குள் கமா போட்டுப் பிரித்த நான்கு பகுதிகள். முதலாவது விளம்பர நிறுவனத்தின் தளப்பெயர், அதாவது கூகுள் டாட் காம். இரண்டாவது அங்கே உங்களுக்குள்ள கணக்கு எண். ஆட்சென்ஸில் இது ‘பப்’ என்று தொடங்கி, ஒரு சிறுகோட்டுக்குப் பின் 16 இலக்கங்களாக இருக்கும். மூன்றாவது உறவைச் சொல்லும் சொல். கணக்கு உங்களுடையதே என்றால் ‘டைரக்ட்’, உங்கள் சார்பில் இன்னொருவர் தம் கணக்கில் விற்கிறார் என்றால் ‘ரீசெல்லர்’. நான்காவது அந்த விளம்பர நிறுவனத்துக்குச் சான்றளிக்கும் அமைப்பு தந்த அடையாளக் குறி. இது இல்லாமலும் வரி செல்லும். எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். ஆட்சென்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு மொத்தக் கோப்பும் இந்த ஒற்றை வரிதான். அந்த வரியை ஆட்சென்ஸே எழுதித் தருகிறது, நகலெடுத்து ஒட்டினால் போதும்.

ஆனாலும் இந்த ஒற்றை வரியில் தடுக்கி விழுகிறவர்கள் பலர். விளம்பர நிரலில் கணக்கு எண்ணுக்கு முன்னால் ‘சிஏ’ என்று இரண்டு எழுத்து இருக்கும். அதையும் சேர்த்து ஒட்டிவிட்டால் எண் பொருந்தாது. கோப்புக்குப் பெயர் மாற்றும்போது விண்டோஸ் கோப்பு வகையை மறைத்துவைத்திருந்தால், பெயரின் முடிவில் டிஎக்ஸ்டி இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும். வேர்டில் தட்டச்சு செய்தால் எழுத்துக் கோப்புக்குப் பதில் வேர்டு ஆவணம் உருவாகும். எல்லாவற்றுக்கும் மேல் பெரிய பிழை, கோப்பை ஏதோ ஒரு துணை அடைவுக்குள் வைப்பது. தளத்தின் முதன்மை முகவரி, ஒரு சாய்கோடு, உடனே கோப்பின் பெயர், இடையில் வேறெதுவும் கூடாது. பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ என்ற அடைவுக்குள் நேரடியாகப் போட்டால் சரியாக இருக்கும். வேர்ட்பிரஸ்காரர்களுக்கு இதற்கென்றே பிளகின்கள் உண்டு. பிளாகரில் ஆட்சென்ஸை மட்டும் இணைத்திருந்தால் கோப்பு தானாகவே உருவாகிவிடும். வேறு நிறுவனங்களையும் சேர்ப்பவர்கள் மட்டும் அமைப்புகளுக்குள் போய்த் தாமே எழுத வேண்டும்.

வைத்த பிறகு கைப்பேசியில் அந்த முகவரியைத் தட்டிப் பாருங்கள். வேறு அலங்காரம் ஏதுமின்றி வெறும் வரிகள் மட்டும் தெரிந்தால் சரி. எச்சரிக்கை மறையச் சில நாள் பிடிக்கும். வாசகர் குறைவாக வரும் தளம் என்றால் ஒரு மாதம்கூட ஆகலாம். பதறி மறுபடி மறுபடி மாற்ற வேண்டியதில்லை.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். தளம் கொஞ்சம் வளர்ந்ததும், வருமானத்தைக் கூட்டித் தருகிறோம் என்று இடைத்தரகர்கள் மின்னஞ்சல் அனுப்புவார்கள். கூடவே சில நூறு வரிகள் கொண்ட பட்டியல் வரும். இதை அப்படியே கோப்பில் ஒட்டுங்கள் என்பார்கள். ஏறத்தாழ எல்லாமே ‘ரீசெல்லர்’ வரிகளாக இருக்கும். ஒட்டாதீர்கள். குறைந்தபட்சம், ஒவ்வொரு வரியும் யாருடையது என்று கேட்டு, பதில் கிடைத்த வரியை மட்டும் ஒட்டுங்கள். ஒவ்வொரு வரியும் நீங்கள் போடும் கையெழுத்து. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பெயரில் விற்கலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு, போலியைத் தடுக்க வந்த கோப்பே போலிக்குச் சான்றாகிவிடும். 2020-இல் இன்டெக்ரல் ஆட் சயின்ஸ் நிறுவனம் வெளிப்படுத்திய ‘404பாட்’ என்ற மோசடி நுழைந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். இல்லாத பக்கங்களின் முகவரிகளை உருவாக்கி, நீளமான, கவனிப்பாரில்லாத கோப்புகளை வைத்திருந்த தளங்களின் பெயரில் விளம்பர இடத்தை விற்றார்கள். ஒப்பந்தம் முடிந்த தரகரின் வரிகளை அன்றே நீக்குவது நல்லது. ‘ஹேஷ்’ (#) குறியில் தொடங்கும் வரியைக் கணினிகள் தாண்டிப் போய்விடும். அந்தக் குறியைப் போட்டு, ஒவ்வொரு தரகரின் வரிகளுக்கு மேலும் சேர்த்த தேதியையும் காரணத்தையும் எழுதி வைத்தால், பின்னால் எதை நீக்குவது என்ற குழப்பம் வராது.

இந்தக் கோப்பால் ஆகாத காரியங்களும் உண்டு. உங்கள் தளத்துக்கே போலி வாசகர்களை ஏவிவிட்டால் இது தடுக்காது. விளம்பரத்தின் தரத்துக்கும் இது பொறுப்பில்லை. பட்டியலில் உள்ள கணக்கு எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் எது என்று வாங்குகிறவர் தெரிந்துகொள்ள, ‘செல்லர்ஸ் டாட் ஜேசன்’ என்ற இன்னொரு கோப்பு 2019-இல் வந்தது. அதை வைக்க வேண்டியது விளம்பர நிறுவனங்கள், தளக்காரர் அல்ல. நெல் விலை சொல்லும் கைப்பேசிச் செயலி போன்றவற்றுக்கு ‘ஆப் ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி’ என்று தனிக் கோப்பு. செயலி அங்காடியில் உருவாக்கியவரின் இணையதளமாகக் குறித்திருக்கும் முகவரியில் அதை வைக்க வேண்டும்.

விளம்பரமே வேண்டாம் என்று நடத்தும் தளங்களும் டெல்டாவில் இருக்கின்றன, இயற்கை விவசாயக் குழுக்களும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் நடத்துபவை. அவர்களுக்கும் இந்தக் கோப்பில் வேலை இருக்கிறது. கோப்பே இல்லாத தளத்தின் பெயரில் யாராவது இடம் விற்றால், அது போலி என்று வாங்கும் கணினிக்குத் தெரிய வழியில்லை. விற்க உரிமை ஒருவருக்கும் இல்லை என்று சொல்வதற்கென்றே விதிமுறையில் ஒரு மாதிரி வரி தந்திருக்கிறார்கள். கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘பிளேஸ்ஹோல்டர்’ என்ற சொல் நிற்கும், நிறுவனத்தின் தளப்பெயரும் அப்படியே பொய்ப்பெயர். அந்த ஒற்றை வரியோடு கோப்பை வைத்துவிட்டால், அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி வரும் எந்த விற்பனையாளரும் பட்டியலில் இல்லாதவராகிவிடுவார்.